நான் சொல்லல, சாரு சொன்னாரு

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போது போன். ஒரு சேனலிலிருந்து பெண் ஒருத்தி. பொங்கலுக்குச் சிறப்பு நிகழ்ச்சி எடுக்கிறார்களாம். அந்தக் காலத்தில் டிவியில் ஞாயிற்றுக்கிழமை பல்சுவை நிகழ்ச்சியில் வந்தவர்களை எல்லாம் மறுபடி மேடை ஏற்றப்போகிறார்களாம். "எத்திராஜ் சாரும் கிட்டானும் இல்லாம இந்த ப்ரோகிராமே இல்லைங்க மேடம்" என்றாள். பின்னே? அவர்கள் இல்லாமல் என்ன நிகழ்ச்சி? சட்னி கருகிவிட்டது. பரவாயில்லை என்று அவரும் சாப்பிட்டார், நானும் சாப்பிட்டேன்.

எத்திராஜ் என் வீட்டுக்காரர். கிட்டான், அவர் மடியில் உட்கார்ந்து பேசும் பொம்மை. ஜலஜாவின் பிள்ளைகள் என்றைக்காவது இந்த டைரியைப் படித்தால் புரிய வேண்டுமே என்று எழுதுகிறேன். உங்கள் தாத்தா வார நாளெல்லாம் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தமிழ்நாட்டுக்கே சொந்தக்காரர். கிட்டான் ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லிவிட்டு, உடனே கையை விரித்து, தாத்தா பக்கம் தலையைச் சாய்த்து, "நான் சொல்லல, சாரு சொன்னாரு!" என்பான். வில்லிவாக்கத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை முதல் காய்கறிக்காரர் வரை அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஒரு விழாவில், தலைமை தாங்க வந்த பெரிய மனிதரைப் பார்த்து, "இந்த ஆளு தலை ஏன் எண்ணெய்ச் சட்டி கணக்கா ஜொலிக்குது?" என்று கேட்டுவிட்டான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. "ஐயோ, நான் சொல்லல, சாரு சொன்னாரு!" அந்தப் பெரிய மனிதரே நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

மாலையில் கிட்டானைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டை மாற்றினோம்.

நவம்பர் 9, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து ஜலஜா பேசினாள். சேனல் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். பட்டுவிட்டு, "அப்ப ஒரே சேனல்தானேம்மா, வேற வழியில்லாம எல்லாரும் அப்பாவைப் பார்த்தாங்க" என்றாள். பெற்ற பெண் பேசுகிற பேச்சா இது?

"வேற வழியில்லாம பார்த்ததெல்லாம் நெனவுல நிக்குமாடி? அதே டிவியிலதான் விவசாய நிகழ்ச்சியும் பார்த்தோம். ஒரு ஏக்கருக்கு யூரியா எவ்ளோ போடணும், சொல்லு பார்ப்போம்" என்றேன். பேச்சை மாற்றிவிட்டாள்.

அவருக்குக் குரல் கரகரவென்று இருக்கிறது. பேச ஆரம்பித்தால் பாதியில் காற்றுதான் வருகிறது. மழைக்காலம், சளி. அதிமதுரம் போட்டுக் கொடுத்தேன். இந்தச் சளி ஆடி மாதத்திலிருந்தே இருக்கிறது என்று ஜலஜா சொல்கிறாள். ஆடியில் வந்தது வேறு சளி.

நவம்பர் 12, புதன்

ஒத்திகை பார்த்தோம். 'தோம்' என்று எழுதுவதற்கு எனக்கு உரிமை உண்டு. எழுத்து என்னுடையது.

பொம்மை பேசும்போது ஆட்டுகிறவர் உதடு அசையக்கூடாது. அதுதான் இந்த வித்தை. ப, ம சொன்னால் உதடு ஒட்டும். வ சொன்னால் உதடு பல்லைத் தொடும். ஆகவே கிட்டானுக்கு அந்த மூன்றும் ஆகாது. அவனுக்கு அப்பா கிடையாது, அம்மா கிடையாது, மாமா கிடையாது. இவரைச் 'சாரே' என்பான். 'சாப்பிடு' கிடையாது, 'தின்னு' உண்டு. பிரேமாவதி என்கிற என் பெயரில் அந்த மூன்றும் இருக்கின்றன, அதனால் நான் அவனுக்கு 'அக்கா'. மற்ற ஆட்டக்காரர்கள் ப வரும் இடத்தில் த மாதிரி ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பார்கள். எங்களிடம் அந்த ஏமாற்று வேலை ஒருநாளும் கிடையாது. அடுப்படியில் நின்றுகொண்டே சொல்லுக்குச் சொல் சல்லடை போட்டு எழுதுவேன். நிகழ்ச்சி முடிவில் பெயர் போடும்போது என் பெயர் வராது. அதில் எனக்கு ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் யார் கேட்டார்கள், யார் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை.

இன்று கிட்டானின் கீச்சுக்குரல் வரவில்லை. நாலு தடவை முயன்றார். அப்புறம் பொம்மையைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார். எப்போதும் மல்லாத்தி வைப்பவர், இன்று குப்புற வைத்தார். நான் போய்த் திருப்பி வைத்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

ஆஸ்பத்திரி. தொண்டையிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வாழைக்காய் வறுவல், ரசம்.

நவம்பர் 19, புதன்

டாக்டர் இன்பசேகரன் நாற்பத்தைந்து வயது இருப்பார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். டாக்டர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. "சார், எங்க தெருவுக்கே ஒரு டிவிதான். பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியில தொங்கிக்கிட்டு உங்களைப் பார்ப்பேன். உங்க உதட்டையே பார்த்துக்கிட்டிருப்பேன், ஒரு தடவையாச்சும் அசையுமான்னு. அசையவே இல்ல சார்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு மரியாதை தெரிந்தவர் நல்ல சேதிதான் சொல்வார் என்று உட்கார்ந்திருந்தேன்.

குரல்வளையையே எடுத்துவிட வேண்டுமாம். கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு. பேச்சு இருக்காது. எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், எடுக்காவிட்டால் மாட்டார்.

"பொங்கல் ப்ரோகிராம் ஒண்ணு இருக்கு டாக்டர். அதை முடிச்சுட்டு வெச்சுக்கலாமே" என்றார் இவர்.

"அவ்ளோ நாள் தள்ளக்கூடாது சார்."

"குரல் போச்சுன்னா எத்திராஜ்னு சொல்லிக்க என்ன டாக்டர் இருக்கு எங்கிட்ட?"

டாக்டர் மேஜையைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "நான் சொல்லல சார்... ஸ்கேன் சொல்லுது" என்றார். சொன்ன வேகத்தில் அவருக்கே கண் கலங்கிவிட்டது. இவர் என்னடாவென்றால் சிரிக்கிறார்! சத்தமே வராமல், தோள் குலுங்கச் சிரிக்கிறார். இரண்டு பேரையும் ஒரே அறையில் பூட்டி வைக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

நவம்பர் 20, வியாழன்

கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். பொங்கல் முடியட்டும், பார்க்கலாம் என்கிறார். நான் சேனலுக்குப் போன் போட்டு, "எத்திராஜ் வரமாட்டார், வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. குரல் இருக்கும்போதே ஒத்திகை பார்க்கிறார் போலிருக்கிறது.

பேசாவிட்டால் போகட்டும். நான் பார்க்காத கோபமா.

நவம்பர் 21, வெள்ளி

சாயங்காலம் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கூடத்தில் பேச்சுக்குரல். எட்டிப் பார்த்தால் கிட்டான் அவர் மடியில். யாருமில்லாத கூடத்தில், கிழிந்த குரலில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சாரே, நீ செத்தா என்னை யாரு தூக்குறது?" என்றான் கிட்டான்.

"வேற யாராவது தூக்குவாங்கடா."

"அக்காக்கு கை குட்டை, சாரே. என் எடை தாங்காது."

அவர் கிட்டானின் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார். பிறகு அவர் தன் சொந்தக் குரலில், சமையல்கட்டுப் பக்கம் திரும்பாமலே, "சரி, கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

கீரையில் ஒரே மண். மூன்று தண்ணீர் அலச வேண்டியிருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. பெட்டியோடு கிட்டானையும் கொண்டுவந்தார். வார்டில் ஒரு நர்ஸ் பெட்டியைப் பார்த்துவிட்டாள், போதாதா? பத்து நிமிஷத்தில் ஐந்து வார்டுக் கூட்டம் வாசலில். குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள்கூட உண்டு. இவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த குரலைச் சுரண்டிச் சுரண்டி ஆடினார். கிட்டானுக்குச் சளி பிடித்த மாதிரி மாற்றிக்கொண்டார். நான் எழுதியதல்ல, அவராகவே செய்தது. பிரமாதம்! ஒருவர் சிரித்துத் தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இன்னொண்ணு சார், இன்னொண்ணு" என்றார். உதடு? கல்லில் செதுக்கியதுதான்.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரனைக் கட்டியிருக்கிறேன் என்று அந்தக் கூட்டத்தில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஃபினாயில் நெடி தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சு இருந்தது. உட்கார்ந்திருந்தேன். ஜலஜா காபி வாங்கி வந்தாள். சர்க்கரை அதிகம்.

நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர்.

டிசம்பர் 3, புதன்

எழுதிக் காட்டுவதற்குப் பிள்ளைகளுக்கான மாயச் சிலேட்டு ஒன்றை ஜலஜா வாங்கி வந்தாள். எழுதி, கீழே உள்ள பட்டையை இழுத்தால் அழிந்துவிடும். அவர் அதைத் தொடுவதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். விசாரிக்க ஆள் மேல் ஆள் வருகிறது. ஒருவர் பண்ருட்டியிலிருந்து பலாப்பழச் சிப்ஸோடு வந்தார். டிவி வாங்கிய அன்று முதலில் தெரிந்த முகம் இவருடையதுதானாம். எல்லோரிடமும் "தூங்குறார்" என்று சொல்லி அனுப்புகிறேன். அவர் கண் திறந்திருப்பது அவர்களுக்கும் தெரிகிறது. நல்ல மனிதர்கள், தூங்கட்டும் என்று போகிறார்கள்.

டிசம்பர் 11, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. மூக்கில் போட்டிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள், கஞ்சி வாய் வழியாகவே போகிறது. பேச்சுப் பயிற்சிக்கு ரோஸ்லின் என்கிற பெண் வந்தாள். தங்கமான பெண். வேறு வழிகளில் பேசப் பழகலாம், நாளாகும், பொறுமை வேண்டும் என்றாள். இவர் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் போனபிறகு சிலேட்டை எடுத்தார். ஆஹா, எழுதுகிறாரே என்று ஓடினேன்.

"கிட்டானை யாருக்காவது குடுத்துடு."

பட்டையை நானே இழுத்து அழித்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கஞ்சியைக் குடிக்க மாட்டேன் என்று தட்டைத் தள்ளினார். பாய் எல்லாம் கஞ்சி. எனக்கு வந்ததே கோபம்! விடுவிடுவென்று போய்ப் பெட்டியைத் திறந்து கிட்டானைத் தூக்கிவந்து அவர் மடியில் பொத்தென்று வைத்தேன். "குடுத்துடுன்னா நீங்களே குடுங்க. வாசல்ல நின்னு கூவிக் குடுங்க" என்றேன்.

பொம்மை சரிந்தது. சரிய விடக்கூடாது என்று அவர் கை தானாக முதுகுப் பொந்துக்குள் போனது. பழக்கம். கிட்டான் நிமிர்ந்தான். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. வாய் அப்படியே திறந்து கிடந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. "சாரே, கஞ்சியைக் கொட்டினா யாரு துடைக்கிறது? நானா, அக்காளா?" என்று நானே சொன்னேன். கீச்சுக்குரல் எல்லாம் எனக்கு எங்கே வரும்? என் குரல்தான். சந்தையில் பேரம் பேசுகிற குரல். கிட்டானின் வாய் அசைந்தது. நான் முடித்தபிறகு ஒரு நொடி தாமதமாக, தாறுமாறாக அசைந்தது, ஆனால் அசைந்தது.

அவர் பொம்மையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிலேட்டை இழுத்து எழுதினார்: "வேகமா பேசற. மெதுவா."

நான் எழுதிக் கொடுத்து ஆடியவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்! எடுக்கட்டும். கஞ்சியை வேறு தட்டில் ஊற்றிக் கொடுத்தேன். முழுதும் குடித்தார்.

டிசம்பர் 17, புதன்

புதிதாக எழுத ஆரம்பித்தேன். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, ப வராமல், ம வராமல், வ வராமல் நாலு பக்கம் தேற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவர் தோள் குலுங்கியது. நகைச்சுவை வேலை செய்கிறது என்று பூரித்து நின்றேன். சிலேட்டில் எழுதிக் காட்டினார்:

"பேசப்போறது நீ. உதடு உன்னுது. இன்னும் யாருக்குப் பத்தியம்?"

அடக் கடவுளே! எனக்கு உறைக்கவே இல்லை. என் வாய், என் உதடு, ஊரறிய ஒட்டினால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன? ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்தது இன்றுதான். என் முட்டாள்தனத்துக்குச் சிரித்தார் என்றாலும் சரி. நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

டிசம்பர் 22, திங்கள்

சேனல் பெண்ணுக்குப் போன் போட்டேன். வருகிறோம் என்றேன். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ரொம்பத் தயங்கி, "பொம்மை... பேசுமா மேடம்?" என்றாள்.

"ஏன் பேசாது? அவன் என்னைக்கு வாயை மூடிக்கிட்டிருந்தான்?" என்றேன்.

பெயர்கள் வேண்டும் என்றாள். எத்திராஜ், கிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் சிலேட்டால் என் முழங்கையை இடித்தார். "எழுத்து: பிரேமாவதி. குரல்: பிரேமாவதி. சொல்லு" என்று இருந்தது. என் பெயரை நானே எப்படிச் சொல்வது? வெட்கமாக இல்லையா? சொன்னேன். அவள் எழுத்துக் கூட்டிக் கேட்டாள், இரண்டு தடவை சொன்னேன்.

டாக்டர் இன்பசேகரன் சரி என்றுவிட்டார். அடுத்துக் கொடுக்க வேண்டிய கதிர்வீச்சு பொங்கல் கழித்துத்தான். நிகழ்ச்சிக்கு அவரும் குடும்பத்தோடு வருகிறாராம்.

ஜனவரி 7, புதன்

பதிவு முடிந்து வந்தாயிற்று. எழுதிவிட்டுத்தான் மறுவேலை.

அரங்கம் நிறைந்திருந்தது. எங்களுக்கு முன்னால் விசில் பாட்டுக்காரர், பானை வாத்தியக்காரர், கோமாளி நடனக்காரர் என்று அந்தக் கால ஞாயிற்றுக்கிழமை முழுதும் அங்கே இருந்தது. ஒவ்வொருவர் வரும்போதும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். இவர் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, கிட்டானைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். ஒருவர் ஆரம்பிக்க, அரங்கமே ஒரே குரலில், "நான் சொல்லல, சாரு சொன்னாரு!" என்று கத்தியது. நிகழ்ச்சி நடந்த காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகளும் கத்தினார்கள். ஜலஜாவும் கத்திக்கொண்டிருந்தாள். வேற வழியில்லாமல் பார்த்தார்களாம்!

நான் ஒளிந்துகொள்ளவில்லை. அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"முன்னாடி நான் பேசுறப்ப இந்த மனுஷன் வாயை மூடிக்கிட்டிருப்பாரு. இப்பவும் அப்படித்தான். உங்களுக்கு ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதா?" என்றான் கிட்டான்.

அரங்கம் ஒரு கணம் திகைத்தது. சிரிக்கலாமா என்று யோசித்தார்கள். இவர் ஒன்றுமறியாதவர் மாதிரி கூரையைப் பார்த்தார், அவ்வளவுதான், வெடித்துவிட்டது. அதன் பிறகு எல்லாம் எழுதியபடியே போனது. அவர் மூஞ்சி இருக்கிறதே, அது பேசாமலே பத்துப் பக்கம் பேசியது.

தொகுப்பாளர் பையன் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி: "கிட்டான், சாருக்கு ஆபரேஷன் நடந்தப்ப நீ எங்க இருந்தே?" கிட்டான் சொல்ல வேண்டிய பதில்: "பெட்டிக்குள்ள குறட்டை விட்டேன்." நான் எழுதியதுதான். நல்ல வரிதான்.

"வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன்" என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒளிந்துகொள்ள ஒரு பெட்டிக்கு நான் எங்கே போவேன்? வந்துகொண்டே இருந்தது.

"உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப இவரு திரும்பிப் பார்த்துக் கையாட்டினாரு. நான் ஆட்டல. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். கோபம்னு நெனச்சிருப்பாரு. கோபம் இல்ல. பயம். ஆட்டினா அதுவே கடைசின்னு ஆயிடுமோன்னு பயம். நீங்க திரும்பி வரலன்னா நான் யாருக்குங்க எழுதுவேன்?"

கிட்டான் அவரை ஒருநாளும் 'நீங்க' என்றதில்லை. நான் பொம்மையைப் பார்த்தேன். ஒத்திகை பார்க்காத பேச்சு. எனக்கே தெரியாமல் வந்த பேச்சு. அதில் ஒரு சொல்கூடத் தவறாமல், ஒரு நொடிகூடப் பிந்தாமல் கிட்டானின் வாய் கூடவே வந்துகொண்டிருந்தது. 'பயம்' என்ற இடத்தில் வாய் மூடித் திறந்தது வரைக்கும் சரியாக இருந்தது. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. கை மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

முதல் வரிசையில் டாக்டர் கைக்குட்டையை எடுத்தார். ஐயோ, பொங்கல் நிகழ்ச்சியைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு வியர்த்தது. அப்போது இவர் இன்னொரு கையால் சிலேட்டை எடுத்தார். நிதானமாக எழுதினார். என் பக்கம் காட்டவில்லை. கேமராவுக்கும் கூட்டத்துக்கும் தூக்கிக் காட்டினார்.

"உதடு அசையுது."

அப்பப்பா! அந்தச் சிரிப்பை நான் எப்படி எழுதுவேன்? நாற்காலிகள் ஆடின. டாக்டர் அழுதுகொண்டே சிரித்தார். தொகுப்பாளர் பையன் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். எனக்கும் சிரிப்பு, எனக்கும் அழுகை, மைக்கை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. என் புருஷன், குரல் இல்லாத மனிதன், இரண்டே சொல்லில் அரங்கத்தை மடக்கி மடியில் போட்டுக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

சிரிப்பு மெல்ல இறங்கியது. அடுத்த வரி என்ன என்று எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கிட்டானின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் பேசுவதற்காக அவர் காத்திருந்தார்.